ரப்பர் நகரின் பிள்ளைகள்



ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை வரைவோர் சோழர் கடற்படையையோ, பல்லவர் கற்றளிகளையோ பொருளாகக் கொள்வது நம் மரபு. இம்முறை அம்மரபினின்றும் சற்றே விலகி, அமெரிக்க நாட்டின் ஆலை நகரொன்றில் தோன்றிய இசைக்குழுவின் வரலாற்றைக் கூற முற்படுகின்றோம். அதற்குக் காரணம் உண்டு.

சென்ற ஆண்டு விழாவில் நம் காலனிப் பிள்ளைகள் நால்வர் கீபோர்டும் கித்தாரும் ஏந்தி மேடையேறினர். தாமே புனைந்த பாடலொன்றை முழக்கினர். மின்சாரம் தும்முவது போலவும், இயந்திரம் இருமுவது போலவும் ஓசை எழுந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த நம்மிற் பலர் காதைப் பொத்திக்கொண்டோம். "இதுவும் ஓர் இசையா?" என்று ஒருவரையொருவர் வினவினோம். பின்னர்க் கூடிய செயற்குழுவில், இத்தகைய நிகழ்ச்சிக்கு இனி மேடை தருவதா, வேண்டாவா என்ற கேள்வி எழுந்தது. முடிவு காணாமலே கூட்டம் கலைந்தது. அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது நம் கைக்கு எட்டியதே 'டீவோ' என்னும் குழுவின் கதை. அது பாட்டின் கதை மட்டுமன்று. ஆலையை நம்பி வாழ்ந்த ஊரொன்றின் கதையுமாகும். ஆதலின், ஆலைச் சங்கின் ஒலி கேட்டு விழித்து, அதன் ஒலி கேட்டு உணவருந்தும் நம்மனோர்க்கு அது முற்றும் அந்நியமானதன்று.

ரப்பர் நகரம்

ஒஹாயோ மாநிலத்தில் அக்ரான் என்றொரு நகரம் உளது. 1870-ஆம் ஆண்டில் பெஞ்சமின் குட்ரிச் என்பார் அங்கு ரப்பர் ஆலை நிறுவினார். 1898-ல் குட்இயர், 1900-ல் ஃபயர்ஸ்டோன், 1915-ல் ஜெனரல் டயர் என்று ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. மோட்டார் வண்டி பெருகப் பெருக நகரும் பெருகிற்று. 1910-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 69,067 மக்களைக் கொண்டிருந்த ஊர், 1920-ல் 208,435 மக்களைக் கொண்டதாயிற்று. பத்தே ஆண்டுகளில் மும்மடங்கு! பல ஊர்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தோர்க்கு உறைவிடம் போதவில்லை. பகல் வேலைக்காரர் எழுந்து சென்ற கட்டிலில் இரவு வேலைக்காரர் வந்து படுத்தனர். அக்குறையைத் தீர்க்க ஆலை முதலாளிகளே குடியிருப்புகளை அமைத்தனர். குட்இயர் ஹைட்ஸ், ஃபயர்ஸ்டோன் பார்க் என்னும் பகுதிகள் அவ்வாறு தோன்றியவையே. காலனி வாழ்வு எத்தகையது என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

அந்நகருக்கும் தமிழர்க்கும் பழைய தொடர்பு ஒன்றும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரப்பர் விளைத்த நாடுகளுள் தலையாயது மலேயா. அங்கு வெள்ளையர் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய தொழிலாளரிற் பெரும்பகுதியினர் தமிழர். உலகில் அதிக ரப்பரை வாங்கிய நாடு அமெரிக்கா. அந்நாட்டு டயர்த் தொழிலின் தலைநகர் அக்ரான். நம் பாட்டன்மாரின் வாளியில் சொட்டிய பால், அவர்கள் பெயரும் அறியாத அவ்வூரின் வானத்தில் புகையாய்ப் பரவியது என்று சொன்னால் மிகையாகாது.

பின்னாளில் டீவோ குழுவின் தூண்களாக விளங்கிய இருவரும் இப்பகுதியில் வளர்ந்தவர்களே. ஜெரால்ட் கசாலே 1948-லும், மார்க் மதர்ஸ்பா 1950-லும் பிறந்தனர். மார்க்குக்குக் கண்பார்வை மிகக் குறைவு. ஏழு வயதளவில் மூக்குக் கண்ணாடி அணிந்த பின்னரே மரத்தின் கிளையையும் வீட்டின் கூரையையும் அவர் தெளிவாகக் கண்டார் என்பர். அவர்கள் வளர்ந்த காலம், நாளையென்பது இன்றைவிடச் சிறந்ததாகவே இருக்கும் என்று அந்நாட்டார் ஐயமின்றி நம்பிய காலம். தந்தைக்கு வேலை, மகனுக்குக் கல்லூரி, வாசலில் புதிய கார்; ஆண்டுதோறும் ஒரு படி மேலே! இந்நம்பிக்கை அவ்வூரின் ரப்பர் வாடையைப் போலவே எங்கும் பரவியிருந்தது.

பதின்மூன்று நொடிகள்

அக்ரானுக்கு அண்மையில் உள்ள கென்ட் என்னும் ஊரில் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கசாலேயும் மார்க்கும் அங்கு ஓவியக்கலை பயின்றனர். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1970 ஏப்ரல் 30-ஆம் நாள், போரைக் கம்போடியாவுக்கும் விரிப்பதாகக் குடியரசுத் தலைவர் நிக்சன் அறிவித்தார். பல்கலைக்கழகங்கள் கொந்தளித்தன. கென்ட் வளாகத்தில் இராணுவப் பயிற்சிக் கட்டடம் எரிந்தது. மாநிலத் தேசியக் காவற்படை துப்பாக்கியுடன் வந்திறங்கியது.

மே 4-ஆம் நாள் நண்பகல். மாணவர் கூட்டத்தைக் கலைக்க வந்த காவற்படையினர் திடீரெனத் திரும்பிச் சுட்டனர். 13 நொடிகளில் 67 குண்டுகள் பாய்ந்தன. மாணவர் நால்வர் மாண்டனர், ஒன்பதின்மர் காயமுற்றனர். மாண்டவர்களுள் இருவர் கிளர்ச்சியில் பங்குகொள்ளாது, ஒரு வகுப்பிலிருந்து மறு வகுப்புக்குச் சென்றுகொண்டிருந்தவர்கள். அன்று அவ்விடத்தில் இருந்தார் கசாலே. மாண்ட நால்வருள் இருவர் அவருக்கு முன்னரே அறிமுகமானவர்கள். அந்நாள் நிகழ்ந்திராவிடில் டீவோ என்ற குழுவே தோன்றியிராது என்று அவர் பின்னர்ப் பன்முறை கூறியிருக்கிறார்.

வீட்டுப் பிள்ளைகளைச் சுட்டவர்கள் பகைநாட்டாரல்லர். அதே மாநிலத்துக் காவற்படையினர். இதைக் கண்ணாற் கண்ட இளைஞன் இரண்டில் ஒன்றைத்தான் செய்வான். ஆயுதம் எடுப்பான், அன்றி உள்ளம் ஒடுங்கி வாய் மூடுவான் என்று நாம் எண்ணுவோம். கசாலேயும் அவர் தோழர்களும் மூன்றாவது வழியொன்றைக் கண்டனர். அவர்கள் நகைத்தனர். ஆனால் அந்நகை எளிய நகையன்று.

எதிர்ப்பரிணாமம்

உயிர்கள் படிப்படியாக வளர்ச்சியுறுவதைப் பரிணாமம் என்கிறோம். நம் அறிஞர் அதனைக் கூர்தலறம் என்றும் மொழிந்துள்ளனர். மனித இனம் மேன்மேலும் உயர்கிறது என்பதற்குச் சான்று எங்கே என்று அவ்விளைஞர் வினவினர். நாம் காண்பது ஏற்றமன்று, இறக்கம். மனிதன் மந்தையாகவும் இயந்திரமாகவும் திரும்பிக்கொண்டிருக்கிறான் என்று வேடிக்கையும் வேதனையும் கலந்து பேசினர். எதிர்ப்பரிணாமம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சுருக்கிக் குழுவுக்கு 'டீவோ' என்று பெயரிட்டனர். 1924-ல் வெளியான, பரிணாமக் கொள்கையைச் சாடும் சமயத் துண்டு நூலொன்றின் தலைப்பிலிருந்து 'ஜாக்கோ ஹோமோ' என்னும் பெயரை எடுத்துத் தம் பாடலுக்குச் சூட்டினர்.

1973-ல் கென்ட் பல்கலைக்கழகக் கலைவிழாவில் குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. காலப்போக்கில் அஃது இரு குடும்பங்களின் குழுவாயிற்று. மார்க்கும் அவர் சகோதரர் பாப் மதர்ஸ்பாவும் ஒரு பக்கம்; ஜெரால்டும் அவர் சகோதரர் பாப் கசாலேயும் மறுபக்கம்; தாளத்துக்கு ஆலன் மையர்ஸ். தொடக்க காலத்தில் தாளம் கொட்டியவர் மதர்ஸ்பா குடும்பத்தின் மற்றொரு பிள்ளையான ஜிம். அவர் தாமே மின்தாளக் கருவிகளை அமைத்தவர். பாப் கசாலே மருத்துவத் துறையில் எக்ஸ்ரே தொழில்நுட்பராகப் பணியாற்றியவர். மார்க்கின் தந்தையோ, பிள்ளைகளைத் தடுப்பதை விடுத்து, அவர்கள் எடுத்த குறும்படத்தில் தளபதி வேடமணிந்து நடித்தார்! செயற்குழுவிலுள்ள தந்தையர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

கட்டைகளின் குரல்

இக்குழுவின் தனித்தன்மை கட்டைக் கருவியில் இருந்தது. ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் காற்று நாக்கைத் தட்டி ஒலி எழுப்புகிறது. சிந்தசைசர் என்னும் கருவியில் காற்றும் இல்லை, நாக்கும் இல்லை. மின்சுற்று அதிர்வை உண்டாக்குகிறது. வடிகட்டி அவ்வதிர்வின் கூர்மையைக் குறைக்கிறது, கூட்டுகிறது. மற்றொரு சுற்று ஒலி எவ்வாறு எழுந்து எவ்வாறு அடங்க வேண்டும் என்று வகுக்கிறது. 1964-ல் ராபர்ட் மூக் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இத்தகைய கருவியை அமைத்துக் காட்டியபோது அஃது அலமாரி போல் வளரத்தக்கதாக இருந்தது. 1970-ல் வெளிவந்த 'மினிமூக்' கையிற் சுமக்கத்தக்கதாயிற்று. அதற்கு 44 கட்டைகள், மூன்று அதிர்வுச் சுற்றுகள். நம் நாகசுரத்தைப் போல ஒரு நேரத்தில் ஒரே சுரந்தான் அதில் எழும். இடப்பக்கத்துச் சக்கரத்தை உருட்டினால் சுரத்தை வளைக்கவும் கூடும்.

பிறர் இக்கருவியில் குழலோசையையும் வயலினோசையையும் நாடினர். மார்க் நாடியது ஏவுகணையின் சீறல், வெடியின் அதிர்வு, பழுதுற்ற இயந்திரத்தின் முனகல் ஆகியவற்றை. ரப்பர் ஆலையின் அருகில் வளர்ந்தவர்க்கும், போர்ச் செய்தியைத் தொலைக்காட்சியில் நாள்தோறும் கண்டவர்க்கும் அவையே அன்றாட ஓசைகள். ஆகவே அவ்வோசை பொருளற்ற கூச்சலன்று. அவர்கள் வாழ்வின் உண்மை ஒலி.

தாளத்திலும் அவர்கள் நேர்வழி செல்லவில்லை. மேனாட்டு ஜனரஞ்சகப் பாடல்கள் பெரும்பாலும் நான்கெண்ணிக்கையில் நடக்கும். 'ஜாக்கோ ஹோமோ'வின் பெரும்பகுதி ஏழெண்ணிக்கையில் செல்கிறது. மிசிர சாபு தாளம் பழகிய நமக்கு ஏழு புதிதன்று. நான்குக்கே கால் பழகியவர்க்கோ, படியிறங்குகையில் ஒரு படி காணாமற்போனது போன்ற தடுமாற்றம் உண்டாகும். மனித இனம் தடுமாறுகிறது என்று பாடுவோர்க்கு அதைவிடப் பொருத்தமான நடை வேறு யாது?

ஏளனமும் ஏற்றமும்

தொடக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்தது கைத்தட்டலன்று, வசை. 1975 அக்டோபர் 31 இரவு, கிளீவ்லாந்து நகரில் ஜாஸ் மேதை சன் ரா அவர்களின் நிகழ்ச்சிக்கு முன்னர் அவர்கள் வாசித்தனர். அவையோர் சினந்து கூவினர். பீர்க் குவளைகளை எறிந்தனர். குழுவினரோ நிறுத்தாது வாசித்தனர். காதைப் பொத்திக்கொண்டவர்கள் நாம் மட்டுமல்லர் என்பதில் நமக்கு ஒரு சிறு ஆறுதல்!

அக்காலத்தில் நியூயார்க்கிலும் இலண்டனிலும் 'பங்க்' என்னும் இசையியக்கம் கிளைத்தது. மெருகும் ஆடம்பரமும் வேண்டா. மூன்று சுரக்கூட்டு அறிந்தவன் மேடையேறலாம், உள்ளத்துச் சினத்தைப் பாடலாம் என்பது அதன் கொள்கை. அக்ரானில் ரப்பர்த் தொழிலாளரின் மதுக்கடையாக இருந்த 'தி கிரிப்ட்' என்னுமிடம் அவ்வியக்கத்தின் மேடையாக மாறியது. டீவோ அவ்வியக்கத்தின் சினத்தைக் கொண்டது. ஆனால் கிழிந்த ஆடைக்கு மாறாக மஞ்சள் நிறத் தொழிற்பாதுகாப்பு உடை அணிந்தது. துப்புரவுப் பொருள் விற்கும் நிறுவனமொன்றில் ஓவியராகப் பணிபுரிகையில் கசாலே அவ்வுடையைப் பொருட்பட்டியலில் கண்டெடுத்தார். ஐவரும் ஒரே உடையில் இயந்திரம் போல் அசைந்தாடினர். ஆலையில் சீருடை அணிவோர்க்கு அதன் உட்பொருள் உடனே விளங்கும்.

1976-ல் சக் ஸ்டாட்லர் என்பாரின் இயக்கத்தில் உருவான அவர்களது குறும்படம், மறு ஆண்டு ஆன் ஆர்பர் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. 1977-ல் நியூயார்க்கின் மேக்ஸஸ் கான்சாஸ் சிட்டி என்னும் மன்றத்தில், புகழ்பெற்ற பாடகர் டேவிட் போவி மேடையேறி, எதிர்காலத்தின் குழு இதுவே என்று அவர்களை அவையோர்க்கு அறிமுகப்படுத்தினார். ஜெர்மனியில் கொலோன் நகர்க்கு அருகே கானி பிளாங்கின் ஒலிப்பதிவுக் கூடத்தில், பிரையன் ஈனோவின் மேற்பார்வையில் முதல் இசைத்தட்டு உருவாயிற்று. 'கியூ: ஆர் வி நாட் மென்? ஏ: வி ஆர் டீவோ!' என்னும் அத்தட்டு 1978-ல் வெளிவந்தது. அதே ஆண்டில் இலண்டனின் ஸ்டிஃப் நிறுவனம் அக்ரான் குழுக்களின் பாடல்களைத் திரட்டி ஒரு தட்டு வெளியிட்டது. அதன் உறையைச் சுரண்டி முகர்ந்தால் ரப்பர் வாடை வீசும்! ஊரின் நாற்றமே ஊரின் முத்திரையாயிற்று.

முதல் தட்டில் கித்தாரும் சிந்தசைசரும் சரிநிகராகப் போரிட்டன. 1980-ல் வந்த 'ஃபிரீடம் ஆஃப் சாய்ஸ்' தட்டில் கட்டைகளின் ஆட்சி ஓங்கிற்று. அதிலுள்ள 'விப் இட்' என்னும் பாடல் அமெரிக்கப் பாடல் வரிசையில் 14-ஆம் இடத்தை எட்டியது. முயன்றால் முடியும் என்று எதற்கெடுத்தாலும் முழங்கும் அமெரிக்க உபதேசத்தை எள்ளி நகையாட எழுதப்பட்ட பாடல் அது. மக்களோ அதனைச் சாட்டையடியின் பாட்டென்று கொண்டு ஆடினர். படிப்படியாகக் குறுகிச் செல்லும் செந்நிறத் தொப்பியும் அக்காலத்திலேயே உலகறிந்த அடையாளமாயிற்று. 1981 ஆகஸ்டில் எம்டிவி என்னும் இசைத் தொலைக்காட்சி தொடங்கியபோது காட்டத்தக்க படங்களைக் கையில் ஆயத்தமாக வைத்திருந்த மிகச் சில குழுக்களுள் டீவோவும் ஒன்று.

குறை கூறாது புகழ்வது வரலாறாகாது. அவர்களது தொடக்ககாலப் பாடலொன்று, மூளை வளர்ச்சிக் குறையுடன் பிறந்தோரை முன்னாளில் இழிவாகச் சுட்டிய சொல்லைத் தலைப்பாகக் கொண்டது. எல்லாரும் ஒத்த மந்தை என்று இடித்துரைப்பதே அவர்கள் நோக்கமாயினும், அச்சொல் இன்று விலக்கப்பட்ட சொல். அத்தகைய குழந்தையைப் பெற்றோரின் உள்ளத்தை அது புண்படுத்தும் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

சங்கு ஓய்ந்தது

இவர்கள் உலகமெங்கும் சென்று நகைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அக்ரானில் நகைப்புக்கிடமில்லாதன நிகழ்ந்தன. பிரான்சின் மிச்செலின் நிறுவனம் 1946-ல் கண்ட ரேடியல் டயர் நெடுநாள் உழைப்பது. அதனை உருவாக்கப் புதிய இயந்திரம் வேண்டும். அக்ரானின் பழைய பலமாடி ஆலைகளைப் புதுக்குவதினும் தென்மாநிலங்களில் புதிய ஆலை கட்டுவதே முதலாளிகளுக்கு இலாபமாயிற்று. ஒன்றன்பின் ஒன்றாக வாயில்கள் அடைபட்டன. 1982-ல் ஜெனரல் டயரின் ஆலை மூடப்பட்டதோடு அந்நகரில் பயணியர் காருக்கான டயர் உற்பத்தி முடிவுற்றது. 1988-ல் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தை ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் விலைக்கு வாங்கியது. 1960-ல் 290,351 ஆக இருந்த மக்கள்தொகை, 2020-ல் 190,469 ஆகக் குறைந்தது. குட்இயரின் தலைமையகம் இன்றும் அங்கேயே இருக்கிறது; ஆயினும் பழைய அக்ரான் மீளவில்லை.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. வளர்ச்சி என்பது நிலையானதன்று, சக்கரம் பின்னோக்கியும் சுழலும் என்று அவ்விளைஞர் 1973 முதற்கொண்டே பாடினர். அவர்களைப் பைத்தியக்காரர் என்றனர் சிலர். கோமாளிகள் என்றனர் பலர். பத்தாண்டு கழிவதற்குள் அவர்கள் பிறந்த மண்ணிலேயே அச்சொல் மெய்யாயிற்று. பெரியோர் கூற அஞ்சியதைப் பிள்ளைகள் கோமாளி வேடத்தில் கூறினர். அரசவையில் உண்மை உரைக்கும் விகடகவிகளைப் பற்றிக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இஃது எளிதில் விளங்கும்.

குழு 1991-ல் கலைந்தது. 1996-ல் மீண்டும் கூடியது. 2010-ல் புதிய இசைத்தொகுப்பொன்றையும் வெளியிட்டது. ஆலன் மையர்ஸ் 2013-லும், பாப் கசாலே 2014-லும் மறைந்தனர். மார்க் மதர்ஸ்பா திரைப்பட இசையமைப்பாளராக உயர்ந்தார். நம் பிள்ளைகள் கண்டு களித்த 'ரக்ராட்ஸ்' சித்திரத் தொடருக்கும், 'தோர்: ராக்னராக்' படத்துக்கும் இசை அமைத்தவர் அவரே. 2020-ல் பெருந்தொற்றுப் பரவியபோது அச்செந்நிறத் தொப்பியில் முகக்கவசத் திரை பொருத்தி விற்றனர். 2023-ல் ஐம்பதாண்டு நிறைவைச் சுற்றுப்பயணமாகக் கொண்டாடினர்.

இனி நம் செயற்குழுவின் கேள்விக்கு வருவோம். கட்டைக் கருவி நம்மவர்க்கு முதலில் ஐயத்தைத் தருவது புதிதன்று. 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. ஏறத்தாழ முப்பதாண்டு கழித்தே அதற்கு மீண்டும் கதவு திறந்தது. இன்று ஆர்மோனியமில்லாப் பஜனையை நாம் எண்ணிப் பார்க்கவும் இயலாது. ஆயினும் நாம் கருதுவது கருவியைப் பற்றி மட்டுமன்று. ஊரை விட்டு வந்து, ஆலையை நம்பி, குவார்ட்டர்ஸில் குடியேறி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஓய்வு பெறும் நாளில் வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகிறவர்கள் நாம். நாளை இன்றைவிட நன்றாகவே இருக்கும் என்ற நம்பிக்கையே நம் முதல். அந்நம்பிக்கையில் எங்கேனும் விரிசல் கண்டால் நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. நம் பிள்ளைகளோ அதைக் கேட்கிறார்கள். சுவருக்கப்பால் நாம் தாழ்ந்த குரலில் பேசுவதையும் கேட்கிறார்கள். அவர்கள் கட்டையை அழுத்தும்போது எழுவது அவ்வொலியாகவும் இருக்கலாம்.

ஆகவே இவ்வாண்டும் அந்நால்வர்க்கு மேடை தருக என்று செயற்குழுவை வேண்டுகிறோம். ஒலிபெருக்கியைச் சற்றே தணித்து வைக்குமாறு மட்டும் பிள்ளைகளிடம் அன்புடன் கேட்டுக்கொள்வோம். நாம் முன்வரிசையில் அமர்வோம். இம்முறை காதைப் பொத்தாமல் கேட்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!